ஈக்வலைசரால் முடியாததற்கு மட்டும் காசு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகர்களுக்கான மைக் பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். கையில் இருக்கும் பணத்துக்குள் எது விலை கூடியதோ அதை வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லை என்று அது முடிந்திருந்தது. ஒலிப்பதிவிலும் மேடை ஒலியமைப்பிலும் அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதை நாங்கள் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆலோசனையை நம்பிச் செலவழிப்பவர் பெரும்பாலும் புதிதாகப் பாட வருகிறவர். அவரிடம் இன்னொரு மைக்குக்குப் பணம் இருக்காது. புது மைக்கிலும் அதே குறை கேட்டால் அவர் சந்தேகப்படுவது மைக்கை அல்ல, தன் குரலை. அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

மைக்கின் தரம் என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. மைக்குக்கு நேர் எதிரே பாடும்போது எந்த அதிர்வெண் தூக்கலாக வருகிறது, எது அடங்கி வருகிறது என்பது முதலாவது. விமர்சனங்களில் ‘டோன்’, ‘வார்ம்’, ‘கிறிஸ்ப்’ என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். இதில் பெரும்பகுதியை, அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் இரண்டு குமிழ்களைத் திருப்பிப் பெற்றுவிடலாம். இரண்டாவது, எந்த ஈக்வலைசராலும் தொட முடியாதது. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலியை மைக் எப்படி எடுக்கிறது, அதன் சொந்த இரைச்சல் எவ்வளவு, கை உரசலும் மூச்சுக்காற்றும் எவ்வளவு உள்ளே போகின்றன, உச்சத்தில் பாடும்போது ஒலி சிதைகிறதா என்பவை. கூடுதல் பணம் இந்த இரண்டாவது கணக்கில் சேர்ந்தால் அது தகும். முதல் கணக்கில் மட்டும் சேர்ந்தால், ஏற்கெனவே மிக்சரிலோ மென்பொருளிலோ சும்மா கிடைக்கும் ஒன்றுக்கு நீங்கள் மறுபடி விலை கொடுக்கிறீர்கள்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கும்போது காதே நம்மை ஏமாற்றும். ஒரே பாட்டை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை ஒரு டெசிபல் மட்டும் கூட்டுங்கள். கேட்பவர் சத்தம் கூடியதாகச் சொல்ல மாட்டார். தெளிவு கூடியதாகச் சொல்வார். இனி எண்களைப் பாருங்கள். ஷ்யூர் நிறுவனத்தின் மேடை மைக்கான எஸ்எம்58 ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட் தருகிறது. அதே நிறுவனத்தின் விலை கூடிய பீட்டா 58ஏ தருவது 2.6 மில்லிவோல்ட். இடைவெளி ஏறக்குறைய 3 டெசிபல். கெயினை, அதாவது மைக்கின் ஒலியை மிக்சர் பெருக்கும் அளவை, தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகிப் பாடினால், கேட்கிற அத்தனை பேரும் பீட்டாவைத்தான் கைகாட்டுவார்கள். கெயினை 3 டெசிபல் இறக்கிய பிறகு கேட்டால் வியப்பு பாதி வடிந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் உண்மையான வேறுபாடு: எஸ்எம்58 கார்டியாய்டு (முன்னால் வருவதை எடுத்து நேர் பின்னால் வருவதைத் தள்ளுவது), பீட்டா சூப்பர்கார்டியாய்டு (அதைவிடக் குறுகலாக எடுப்பது), பீட்டாவில் மேல்சுருதி, அதாவது உயர் அதிர்வெண், கொஞ்சம் தூக்கல். அந்த வேறுபாடு சிலருக்கு மிகவும் பயன்படும். ஆனால் சத்தத்தைச் சமப்படுத்தாமல் அதைக் கேட்கவே முடியாது.

காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் மைக்கையும், மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும், உணர்திறன் கூடிய கண்டென்சர் மைக்கையும் ஒப்பிட்டால் இந்தப் பொறி இன்னும் பெரிது. டைனமிக்கான ஷ்யூர் எஸ்எம்7பி 1.12 மில்லிவோல்ட், கண்டென்சரான நாய்மன் யு87 ஏஐ கார்டியாய்டு நிலையில் 28 மில்லிவோல்ட். 25 மடங்கு, அதாவது 28 டெசிபல். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்பதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத எல்லைக்குப் பொருளே இல்லை. வரைபடத்தைப் பாருங்கள். வரைபடம் தராத மைக் என்றால் அதுவே ஒரு தகவல்தான்.

புது மைக் வாங்கத் தூண்டும் புகார்களில் பெரும்பாலானவை மைக்கில் பிறப்பதில்லை. எங்கள் காதுக்கு அடிக்கடி வருவது, வீட்டில் பதிவு செய்தால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்பது. மைக் நிற்கும் இடத்தில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் ‘டிர்ர்’ என்று ஒரு வால் கேட்டால் குற்றவாளி அறை. அந்த அறையில் விலை கூடிய கண்டென்சரை வைத்தால் அந்த வாலை அது இன்னும் நுணுக்கமாகப் பதிவு செய்து கொடுக்கும். கண்டென்சரின் பெருமையே நுணுக்கம்தானே.

இங்கே ஒரு தவறு மிகப் பரவலாக நடக்கிறது. மைக்குக்குப் பின்னால் வளைந்த தடுப்பு ஒன்றை மாட்டிவிட்டு, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அது பார்ப்பது பாடகரின் முகத்தை; முகத்தைத் தாண்டி அவருக்குப் பின்னால் உள்ள சுவரை. ஆகவே பஞ்சுமெத்தையோ தடித்த ரஜாயோ துணி நிறைந்த திறந்த அலமாரியோ இருக்க வேண்டிய இடம் பாடகரின் முதுகுப் பக்கம், தோளிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழம் வரை. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் இதற்கு உதவாது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே 17 சென்டிமீட்டர். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த ஃபோம் மேல்சுருதியை மட்டும் விழுங்கிவிட்டு, டப்பா ஒலியைத் தரும் 250 முதல் 600 ஹெர்ட்ஸ் பகுதியை விட்டுவைக்கும். அறை முழுக்க ஃபோம் ஒட்டிய பிறகு முன்பைவிட மந்தமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். தடிமன் வேண்டும்; சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்தால் இன்னும் நல்லது.

பாட்டு வரிகளை வைக்கும் ஸ்டாண்டை யாரும் சந்தேகிப்பதில்லை. அதன் தகட்டில் பட்டுத் திரும்பும் குரல், நேரே வரும் குரலைவிட 34 சென்டிமீட்டர் அதிகம் பயணம் செய்தால் ஒரு மில்லிசெகண்ட் தாமதமாக மைக்கை அடையும். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குரலில் பள்ளம் விழும். பாடகர் தலையை அசைத்தால் பள்ளங்களும் நகரும். குரல் குழாய்க்குள் போய் வருவதுபோல் இருக்கும். ஸ்டாண்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, தகட்டை மைக்கை நோக்காதபடி சாய்த்தால் தீர்ந்தது. இந்த ஒரு குறைக்காக மைக்கையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது இரைச்சல். எது இரைகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. மைக் கேபிளின் முனையில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் ஆண் கனெக்டர் ஒன்றை எடுத்து, 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே 150 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்து மூடிக்கொள்ளுங்கள். கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் ஃபேன்டம் பவரை அணைத்துவிட்டு, பாடும்போது வைக்கும் அதே கெயினில், முதலில் மைக்கை மாட்டி 30 விநாடி மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பிளக்கை மாட்டி 30 விநாடி. கண்டென்சர் என்றால் மைக்கைப் பதிவு செய்யும்போது மட்டும் ஃபேன்டம் போட்டுக்கொள்ளலாம். பிளக்கிலும் இரைச்சல் அதே அளவு இருந்தால் அது ப்ரீஆம்ப்புடையது, அதாவது மைக்கின் ஒலியை முதலில் பெருக்கும் பகுதியுடையது. பிளக்கில் அடங்கிவிட்டால் அது அறையுடையது அல்லது மைக்குடையது. 150 ஓம் மின்தடை வெப்பத்தால் தானே எழுப்பும் இரைச்சல் சுமார் −131 டிபியு (மின்சமிக்ஞையின் டெசிபல் அளவு; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அமைதி). மைக்கைக் கணினியோடு இணைக்கும் நல்ல இன்டர்ஃபேஸ்களின் ப்ரீஆம்ப் −128 டிபியு அளவில் இருக்கிறது. இயற்கை அனுமதிக்கும் எல்லைக்கு 3 டெசிபல் மேலே நிற்கும் ப்ரீஆம்ப்பை மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

அறையுடையதா மைக்குடையதா என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். ரோடு என்டி1-ஏ மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள நாய்மன் யு87 ஏஐ-இன் இரைச்சல் 12 டெசிபல். நாய்மனின் இன்னொரு மைக்கான டிஎல்எம் 103-க்கு 7. ஆக, விலை ஏற ஏற இரைச்சல் இறங்கும் என்பது பொய்க் கணக்கு. மின்விசிறி நின்றிருக்கும் அமைதியான அறையே இரவில் 30 டெசிபலைச் சுற்றி இருக்கும். 30-உடன் 5-ஐக் கூட்டினாலும் 12-ஐக் கூட்டினாலும் வரும் மொத்தத்தில் பத்தில் ஒரு டெசிபல்கூட வேறுபாடு கிடையாது. மின்விசிறி ஓடும் அறையில் இதைப் பற்றி யோசிப்பதே வீண்.

டைனமிக் மைக்கில் மட்டும் இரைச்சல் கணக்கு வேறு. எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு நிதானமான குரலுக்கே 60 டெசிபல் கெயின் வேண்டும். அவ்வளவு தராத இன்டர்ஃபேஸ்கள் உண்டு. தந்தாலும் குமிழின் கடைசிக் கோட்டில் இரைச்சல் திடீரென்று ஏறுகிறவையும் உண்டு. இதனால் பலர் மைக்கை வாங்கிய மறுவாரம், நடுவே மாட்டும் பூஸ்டர் ஒன்றையும் வாங்குகிறார்கள். 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் ஓடும் அந்தச் சிறு பெட்டி சுமார் 25 டெசிபல் தரும். மைக்கின் விலையைக் கணக்குப் போடும்போதே அதையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் உதட்டை மைக்கில் ஒட்டிப் பாட வேண்டிவரும்.

‘ஸ’, ‘ஷ’, சொல் முதலில் வரும் ‘ச’ ஆகியவை காதைக் கீறுகின்றன என்பது இன்னொரு புகார். இதில் மைக்குக்கு உண்மையிலேயே பங்கு உண்டு, அதுவும் மலிவான கண்டென்சர்களுக்கு. 1960-இல் வந்த நாய்மன் யு67 மைக்குக்காக உருவான கேப்ஸ்யூல் (ஒலியைப் பிடிக்கும் உள்ளுறுப்பு) வடிவத்தை உலகம் முழுவதும் நகல் எடுத்தார்கள். அந்தக் கேப்ஸ்யூல் இயல்பாகவே மேல்சுருதியைத் தூக்கித் தரும். யு67-இன் மின்சுற்று வேண்டுமென்றே அதைக் குறைத்துச் சமன்செய்தது. நகல் எடுத்த பலர் கேப்ஸ்யூலை எடுத்தார்கள், சமன்செய்யும் சுற்றை விட்டுவிட்டார்கள். அதனால்தான் முதல்முறை கேட்கும்போது பளிச்சென்று இருக்கும் மைக், நாலு டிராக் அடுக்கியதும் கண்ணாடிச் சில்லாகக் குத்துகிறது. ஆனாலும் உடனே புதிது வாங்கிவிட வேண்டாம். மைக்கை மூக்கின் உயரத்துக்குத் தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் நேர்க்கோட்டிலிருந்து 20, 30 பாகை விலக்குங்கள்; 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபல் இறக்குங்கள்; 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில், இந்தச் சீறல் ஒலிகளை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர் ஒன்றை மெல்ல வையுங்கள். மூன்றும் செய்த பிறகும் கீறினால் அந்த மைக் அந்தக் குரலுக்கு ஆகாது. அப்போது மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. மாற்றாக வருவது டைனமிக்காகவும் இருக்கலாம். அது விலை குறைந்ததாகக்கூட இருக்கலாம்.

குரல் கனமாக, முழங்கலாக இருந்தால் தூரத்தைப் பாருங்கள். ஒருதிசை மைக்குகள் பெரும்பாலும் உதட்டருகில் போகப்போகக் கீழ்சுருதியைத் தூக்கும். உதடு கம்பிவலையைத் தொடும் நிலையில் 100 ஹெர்ட்ஸ் பகுதியில் 6 முதல் 10 டெசிபல் வரை ஏறும். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் லோ-கட் போட்டு, நாலு விரல்கடை விலகினால் போதும். தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு கணக்கு: 5 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்குப் போனால் குரல் 12 டெசிபல் விழுகிறது. இரண்டு மேடை டைனமிக் மைக்குகளுக்கு இடையே பொதுவாக இவ்வளவு வேறுபாடு இருக்காது. தூரம் பழகாத பாடகருக்குப் புது மைக் எதையும் சரிசெய்யாது.

மேடையில் வரும் கீச்சல் தனிக் கதை. விலை கூட்டிச் சூப்பர்கார்டியாய்டு வாங்கியவர்கள், முன்பைவிடச் சீக்கிரமாகவே அந்தக் கீச்சல் (ஃபீட்பேக்) வருகிறது என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். மைக் மாறியது, பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் இடம் மாறவில்லை, அதுதான் காரணம். கார்டியாய்டு மிகக் குறைவாகக் கேட்பது தன் வாலுக்கு நேர் பின்னால், 180 பாகையில். சூப்பர்கார்டியாய்டு மிகக் குறைவாகக் கேட்பது இரு பக்கமும் சுமார் 125 பாகையில். நேர் பின்னால் அதற்கு ஒரு சிறு காது உண்டு. கார்டியாய்டுக்காக நேர் பின்னால் வைத்த மானிட்டர் அந்தக் காதுக்குள்ளேயே பாடிக்கொண்டிருக்கும். ஒரே மானிட்டர்தான் உண்டு, அதை நகர்த்தவும் முடியாது என்றால் கார்டியாய்டு பொருத்தம். இரண்டு மானிட்டர்களைப் பக்கவாட்டில் விரித்து வைக்கலாம் என்றால் சூப்பர்கார்டியாய்டு நன்றாக வேலை செய்யும். அப்போதும் பாடகர் மைக்கை விட்டுத் தலையைத் திருப்பாமல் பாடப் பழகியிருக்க வேண்டும். அதன் வாய் குறுகலானது. ஆடிக்கொண்டே பாடுகிறவருக்குக் கார்டியாய்டையே நாங்கள் கொடுப்போம். இன்னொன்று: திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் கீச்சல் வராமல் ஏற்றக்கூடிய எல்லை 3 டெசிபல் குறையும். நாலு மைக்குகள் திறந்திருக்கும்போது, யாரும் பாடாமல் கிடக்கும் மூன்றை மூடினால் 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது. கம்பிவலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் எல்லாத் திசையையும் கேட்கும் மைக்காகிவிடும். பின்பக்கத் துளைகளை மூடிய பிறகு அது எந்தத் திசையையும் தள்ள முடியாது.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் குறை நிற்கிறதென்றால் புது மைக்கைச் சோதிக்கலாம். சோதனை உங்கள் குரலில், உங்கள் அறையில், உங்கள் இன்டர்ஃபேஸில் நடக்க வேண்டும். வாடகைக்கோ திருப்பித் தரும் ஒப்பந்தத்திலோ மைக்கை எடுத்துவாருங்கள். பழைய மைக்கையும் புதியதையும் கம்பிவலைகள் ஒட்டினாற்போல், நடுவே இரண்டு சென்டிமீட்டர் மட்டும் விட்டு, ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே, 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று ஒரே நேரத்தில் இரண்டு டிராக்காகப் பதிவு செய்யுங்கள். இரண்டு முறை தனித்தனியாகப் பாடி ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு பாட்டுகளை. ஒரு பாட்டு முடிந்ததும் கேபிள்களை இடம் மாற்றி மறுபடி ஒன்று. சேனல்களுக்குள் வேறுபாடு இருந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

பாடுவதைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மெல்லிய வரி ஒன்று, உச்சத்தில் ஒன்று, ‘ச’, ‘ஷ’ நிறைந்த வரி ஒன்று. மூக்கொலிகள் அடுத்தடுத்து வரும் வரி ஒன்று கட்டாயம். ங, ஞ, ண, ம எல்லாம் ஒரே மந்தமாகக் குழைந்தால் கீழ் நடுப்பகுதியில் வீக்கம் என்று பொருள். ல, ள, ழ மூன்றும் வரும் வரியும் இருக்கட்டும். இந்த மூன்றைப் பிரித்துக் காட்டுவது 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதி. ஆங்கிலத்தில் வரும் மைக் விமர்சனங்கள் இதைச் சோதிப்பதில்லை. ஆங்கில விமர்சனங்களில் ‘ப’ ஒலி வெடிக்கிறது என்று வருவதற்கும் நமக்கும் தூரம் உண்டு. தமிழின் ‘ப’-வில் மூச்சு அவ்வளவு பீறிடாது. ‘ஃப’-வும் பிறமொழிச் சொற்களும் வரும் பாட்டுகளில்தான் சிக்கல்.

பிறகு இரண்டு டிராக்குகளின் சத்தத்தையும் லவுட்னஸ் மீட்டர் வைத்து 0.2 டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். 15 விநாடித் துண்டுகளாக வெட்டி, வேறொருவரிடம் கொடுத்து, நாணயம் சுண்டி வரிசை மாற்றி ஒலிக்கவிடச் சொல்லுங்கள். நீங்கள் எது எதுவென்று எழுதுங்கள், பத்து முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பத்தில் எட்டு அல்லது அதற்கு மேல் சரியாவதற்கு நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு உண்டு. ஒன்பது அல்லது பத்து சரியாவதற்கு நூற்றுக்கு ஒன்றுதான். ஆகவே ஒன்பது வந்தால் உங்கள் காது நிஜமாகவே பிரித்துக் கேட்கிறது. ஏழுக்குக் கீழே என்றால் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதுக்கே தெரியாத வேறுபாட்டை அலைபேசியில் கேட்கிறவர் கண்டுபிடிக்கப்போவதில்லை.

பிரித்துக் கேட்க முடிகிறது என்பதாலேயே வாங்கிவிடவும் வேண்டாம். பழைய மைக்கின் டிராக்கில் ஈக்வலைசரை வைத்து, புதியதைப்போல் வரும்வரை பத்து நிமிடம் முயன்று பாருங்கள். மேலே 2 டெசிபல் ஏற்றம், 300 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம், அவ்வளவில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் உங்களுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு திருப்பங்கள்தாம். எவ்வளவு திருப்பியும் ஒன்றாகவில்லையென்றால், அங்கேதான் விலை கூடிய மைக்கின் உண்மையான மதிப்பு தொடங்குகிறது.

அந்த மதிப்பைத் தனியாகச் சோதிக்க நாலு வழி. மைக்கை ஸ்டாண்டில் வைத்து, தூரம் மாறாமல் ஒரே வாக்கியத்தைப் பேசிக்கொண்டே மைக்கை 45, 90, 180 பாகை திருப்புங்கள். நல்ல மைக்கில் சத்தம் குறையும், குரலின் நிறம் பெரிதாக மாறாது. மட்டமான மைக்கில் 60 பாகைக்குள் குரல் கம்பளிக்குள் போய்விடும். தலையை ஆட்டிப் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நிறத்தில் கேட்பதும், பக்கத்தில் ஒலிக்கும் மேளமும் கிட்டாரும் குரல் மைக்கில் நுழைந்து மொத்தக் கலவையையும் சேறாக்குவதும் இதனால்தான். பணம் கொடுக்கத் தகுந்த குணம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நாங்கள் இதையே சொல்வோம். கையில் பிடிக்கும் மைக் என்றால், ஒலியை ஏற்றிவைத்துப் பிடியை மாற்றிப் பாருங்கள், மோதிர விரலால் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று விழுந்தால் உள்ளே அதிர்வுதாங்கி சரியில்லை. எஸ்எம்58 இத்தனை காலம் நிற்பதற்கு அதன் கேப்ஸ்யூலைத் தாங்கும் காற்றுத் தாங்கியும் ஒரு காரணம். 1966-இல் அது வந்தபோது பெயரில் இருந்த ‘எஸ்எம்’ ஸ்டுடியோ மைக்ரோஃபோனைக் குறித்தது. மேடை அதைப் பின்னால் தத்தெடுத்துக்கொண்டது. மூன்றாவது மூச்சு. மூச்சைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் இல்லாமல் ஒரு சாண் தூரத்தில் ‘ஃப’ வரும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். கடைசியாக, உங்களால் முடிந்த உச்சத்தில் பாடுங்கள். கரகரத்தால் மைக்கைக் குறை சொல்லுமுன் ப்ரீஆம்ப்பில் 10 அல்லது 20 டெசிபல் பேட் (உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டு மறுபடி பாடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை சிதைவது இன்புட்தான்.

யாருக்கு விலை கூடிய மைக் தகும் என்று கேட்டால் எங்கள் தீர்ப்பு இது. அறையைச் சரிசெய்துவிட்டவர், தினமும் பலமணி நேரம் ஒரே குரலைப் பதிவு செய்பவர், குரல் மைக்கில் பிற கருவிகளின் ஒலி கலந்து கஷ்டப்படும் மேடைக் குழு, பல மாதம் கழித்து ஒரு வரியை மட்டும் மறுபதிவு செய்தால் அது பழையதோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர். கடைசியில் சொன்னதற்கு, ஒரே மாடலின் எந்தப் பிரதியும் ஒரே மாதிரி ஒலிப்பது முக்கியம். மலிவான மைக்குகளில் அந்த உத்தரவாதம் குறைவு. வயர்லெஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கூடுதல் பணம் பெரும்பாலும் ரேடியோ இணைப்பின் நம்பகத்தன்மைக்குப் போகிறது, குரலின் ஒலிக்கு அல்ல. தலைப்பகுதி அதே எஸ்எம்58 கேப்ஸ்யூலாகவே இருக்கலாம்.

புதியது வாங்குமுன் பழையதைத் துடைத்துப் பாருங்கள் என்றும் சொல்லியாக வேண்டும். மேடை மைக்கின் கம்பிவலைக்குள் இருக்கும் ஃபோம் ஆண்டுக்கணக்கில் எச்சிலையும் ஒப்பனைப் பொடியையும் குடித்துக் கெட்டியாகிவிடும்; மேல்சுருதி மங்கும். எஸ்எம்58-இல் வலைத்தலை மரையில் கழலும். அதை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மெல்லிய சோப்புப் போட்டு அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் கேப்ஸ்யூல் போய்விடும். அலசியும் நாற்றம் போகவில்லையென்றால் ஆர்கே143ஜி என்ற எண்ணில் வலைத்தலை தனியாகக் கிடைக்கிறது. கேப்ஸ்யூலே பழுதென்றால் அதற்கு எண் ஆர்59. உதிரி கிடைக்கும் மைக்கை மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பது மேல். கண்டென்சர் மைக்கில் எண்ணெய் பொரிவதுபோல் சடசடப்பு வந்தால் பெரும்பாலும் கேப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போலிகளும் நிறைய உலவுகின்றன. அசல் எஸ்எம்58-இன் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்தால் கணிசமாகக் குறைவாகக் காட்டும் மைக்கில், பிடிக்குள் இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இருக்கலாம். எடையைச் சரிக்கட்டிய போலிகளும் உண்டு என்பதால், நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு. போலியை வாங்கிவிட்டு, இந்த மைக் இவ்வளவுதான் என்று முடிவுகட்டி அதைவிட மூன்று மடங்கு விலைக்குப் போகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி மைக் பற்றிய குறிப்பு எதை வெளியிட்டாலும் அதோடு உணர்திறன் மில்லிவோல்ட்டில் எவ்வளவு, எந்தத் திசை வடிவம், எவ்வளவு கெயின் தேவை என்ற மூன்றையும் அச்சிடுங்கள். இணையப் பதிப்பில் ஒலித்துண்டுகளை வைத்தால், சத்தத்தைச் சமப்படுத்தியே வையுங்கள். பெயரைத் துண்டுகளுக்குக் கீழே, வாசகர் கேட்டு முடித்த பிறகு திறந்து பார்க்கும்படி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவிலும் மேடை ஒலியமைப்பிலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்